போஸ்ட்டொக் தேடும் தளம்: மூன்று வருடச் சந்தாவுக்குப் பிறகு

போஸ்ட்டொக், அதாவது கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு செய்யும் ஆய்வு வேலை, தேடித் தரும் தளம் ஒன்று வருடச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறதாம். "அக்கா, காசு கட்டலாமா?" என்று திருகோணமலை, கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். 2021இலிருந்து மூன்று வருடம் கட்டினவள் நான். தளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், திட்டப் போகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்ப முடிவு நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றியே காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி புலமைப்பரிசிலுக்கு செப்டெம்பரில் பிரசெல்ஸ் நேரம் மாலை 5 மணி என்றால் நமக்கு இரவு 8.30. அது பெரிய உதவி.

சரி, இனித் திட்டு. துறைக்கு வடிகட்டி இருக்கிறது, நாட்டுக்கு இருக்கிறது, சம்பளத்துக்கும் இருக்கிறது. கலாநிதிப் பட்டம் எடுத்து எத்தனை வருடம் என்பதற்கு மட்டும் இல்லை. ஆளைக் கழிப்பதே அந்தக் கணக்குத்தான்! ஐரோப்பிய உயிரியல் அமைப்பான எம்போவின் புலமைப்பரிசிலுக்குப் பட்டம் எடுத்து 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜேர்மனியின் ஹம்போல்டில் 4, அனுபவமுள்ளவர்களுக்கு 12. யப்பானின் ஜேஎஸ்பிஎஸ் புலமைப்பரிசிலுக்கு 6. மரி கியூரியின் 2024 அழைப்பிலோ பட்டத்துக்குப் பிறகு 8 வருட ஆய்வு அனுபவம் வரை விட்டார்கள், அதிலும் ஆய்வை விட்டிருந்த காலத்தைக் கழித்துவிட்டு. ஒரே ஆள் ஒரே நாளில் எம்போவுக்குக் கிழவி, மரி கியூரிக்குக் குமரி.

உப்புவெளியில் விடிய ஐந்தரைக்குத் தளத்தின் அறிவிப்பு மெயில் வந்து விழும். பிளேன்டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் பிடிஎஃபைப் பெருப்பித்து, மூன்றாம் பக்கத்தின் அடியில் வருடக் கணக்கைச் சொல்லும் அந்த ஒற்றை வரியைத் தேட வேண்டும். பத்தில் எட்டு எனக்குக் காலாவதி.

என் வைவா (கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சை) 2020 தொடக்கத்தில் முடிந்தது. பட்டமளிப்பு விழா அடுத்த வருடம். சான்றிதழில் இரண்டு திகதியும் இருக்கின்றன. நான் விழாவிலிருந்து எண்ணினேன், விண்ணப்பித்த ஓரிடத்தில் பட்டம் செல்லுபடியான நாளிலிருந்து எண்ணினார்கள். ஒன்பது நாள் பிந்திவிட்டதாம். 12 பக்கத் திட்டமும், பதினொரு மெயில் போட்டு ஒரு பேராசிரியரிடம் வாங்கிய ஏற்புக் கடிதமும் வீண். (தளத்தின் பிழையில்லை என்று எனக்கும் தெரியும். கோபத்துக்குத் தெரியுமா?)

அந்த வாரம்தான் எரிச்சலில் கைதவறி "எல்லாத் துறைகளும்" என்பதை அழுத்தினேன். என்னுடைய வேலை கடற்புல். மூன்று வருடமும் கடல் உயிரியலை விட்டு வெளியே தேடியதில்லை. தொலையுணர்வுப் பிரிவில் ஒரு விளம்பரம் கிடந்தது: செய்மதிப் படத்தில் கரும்பச்சையாகத் தெரிவது புல்லா பாசியா என்று சொல்ல, தண்ணீரில் இறங்கிப் பார்த்த ஒருவர் தேவை. கொட்டியாரக் குடாவில் முழங்கால் தண்ணீரில் சதுரச் சட்டம் போட்டுப் புல் எண்ணியவளுக்கு வேறென்ன வேண்டும்? ஆய்வுத் திட்ட நிதியில் எடுக்கும் வேலை என்பதால் வருடக் கணக்கைப் பற்றிய பேச்சே இல்லை. போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தேன்.

ஆக, வேலை வாங்கித் தந்தது இந்தத் தளம்தான். ஆனாலும் தம்பி, காசு கட்ட வேண்டாம். ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு வேலைத் தளமான யூராக்ஸஸ் இலவசம், அங்கே எல்லாத் துறையையும் திறந்து பாருங்கள். அதற்கு முதல் பதிவாளர் பிரிவுக்குப் போய், உங்கள் பட்டம் எந்தத் திகதியிலிருந்து செல்லும் என்று ஒரு கடிதம் எடுத்து வையுங்கள்.