பூனைக்குட்டியோடு "சமாதான ஸ்ப்ரே"யும் விற்கிறார்கள், கவனம்

மட்டக்களப்பில் பேஸ்புக் விளம்பரம் பார்த்துப் பூனைக்குட்டி வாங்க யோசிப்பவர்கள், முக்கியமாக வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை வைத்திருப்பவர்கள், காசைக் கொடுக்க முன் இதை வாசித்துவிடுங்கள். ஆளின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, மாதத்துக்கு ஒரு பெயரில் விளம்பரம் போடுகிறார். அவர் சொல்லும் கதையைத்தான் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெர்சியன், மூன்று மாதம், இரண்டு ஊசியும் போட்டாயிற்று, மற்றப் பூனைகளோடு நன்றாகப் பழகும், விலை 18,000 ரூபா. விளம்பரம் இவ்வளவுதான். நான் இருப்பது கல்லடியில் ஓர் அறையும் குசினியும் மட்டுமுள்ள அனெக்ஸில். அங்கே மணியன் என்ற எங்கள் ஊர்ப்பூனை முன்பே இருக்கிறான். அதனால் வாங்க முன்னமே கேட்டேன்: இடம் சின்னது, ஒரு பூனையும் இருக்கிறது, சரிவருமா?

"அக்கா, சின்ன வீடெண்டா இன்னும் நல்லம். ரெண்டையும் ஒரே அறைக்குள்ள விட்டுட்டு இத அடிங்க. விடியக்குள்ள ஒண்டாக் கிடக்கும்."

"இத" என்றது ஒரு சின்ன ஸ்ப்ரே போத்தல். பூனைகளைச் சமாதானப்படுத்தும் வெளிநாட்டுச் சாமானாம். அதற்குத் தனியாக 2,500 ரூபா. தாய்ப்பூனையைப் பார்க்க வரலாமா என்று கேட்டதற்கு, வீட்டில் ஆட்களுக்குச் சுகமில்லை என்றார். கடைசியில் கல்லடிப் பழைய பாலத்தடியில் வைத்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் குட்டியைத் தந்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே பாயிலும் துணியிலும் அடித்தேன். மணியன் இரண்டு தரம் தும்மினான், பிறகு அலுமாரிக்கு மேலே ஏறியவன் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. தான் தினமும் படுக்கும் பாயை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போனான். வாசற்கதவோரம் மூத்திரம் பெய்தான், இதுவரை அப்படிச் செய்ததே இல்லை. எனக்கே அறைக்குள் இருக்க முடியாத எலுமிச்சை வாசம். போத்தலின் லேபலை நகத்தால் சுரண்டினேன். கம்பியூட்டரில் அடித்து ஒட்டிய தாள் உரிந்து வர, அடியில் பாதி கிழிந்த எலுமிச்சம்பழப் படம்! கடையில் விற்கும் அறை வாசனைத் திரவியம்தான்.

இப்படி ஒரு பொருளே இல்லை என்று சொல்லவரவில்லை. பூனை கன்னத்தை மேசைக்காலில் தேய்க்கும்போது படியும் ஃபெரமோனை, அதாவது பூனைகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல விடும் மணப்பொருளைப் பார்த்துச் செயற்கையாகத் தயாரித்த ஸ்ப்ரே உண்டு, ஃபெலிவே அதில் பேர்பெற்றது. அதில் பழ வாசமெல்லாம் வராது. அதுவும் ஓர் உதவிதான், ஓர் இரவில் இரண்டு பூனைகளைச் சிநேகிதராக்காது. எலுமிச்சை, தோடை வாசமோ பெரும்பாலான பூனைகளுக்கு ஆகவே ஆகாது. தன் மணம் இருக்கிற இடத்தைத்தான் பூனை தன் இடம் என்று நம்பும். புதிதாக ஒன்று வந்து நிற்கும் நேரம் பார்த்து அந்த மணத்தையும் மூடிவிட்டால் அது எங்கே போகும்?

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோதுதான் மிச்சம் வெளியே வந்தது. குட்டியின் வாயைத் திறந்து காட்டினார், கடைவாய்ப் பால்பற்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. சின்னக் குட்டிகளின் கண்ணில் இருக்கும் நீலமும் இன்னும் மாறவில்லை. தராசில் 520 கிராம். ஆறு வாரம் இருக்கும் என்றார். ஊசி அட்டையில் முதல் ஊசி போட்டதாக எழுதியிருந்த திகதியில் இது கண்கூடத் திறந்திருக்காதாம். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் அட்டையில் இல்லை. வைத்தியரின் பதிவிலக்கமும் இல்லை, வாசிக்க முடியாத ஒரு முத்திரை மட்டும். பெர்சியனும் இல்லை, அதை விடுங்கள்.

காதுக்குப் பின்னால் வட்டமாக மயிர் கொட்டிய இடம் ஒன்றும் இருந்தது. படர்தாமரை. அது பூனையிலிருந்து பூனைக்கும் மனிதருக்கும் தொற்றும், உதிரும் மயிரோடு பாயிலும் துணியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். பிறகு மணியனுக்கும் வந்தது, என் மணிக்கட்டிலும் ஒரு வட்டம். மருந்துக்கும் சலவைக்கும் போன காசு குட்டியின் விலையைத் தாண்டிவிட்டது. விற்றவருக்கு எடுத்தால், "உங்கட பூனையிலிருந்துதான் வந்திருக்கும்" என்றார். அப்புறம் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்.

சின்ன வீடென்றால் பிரித்து வைப்பது இன்னும் கட்டாயம் என்றார் வைத்தியர். குறைந்தது இரண்டு கிழமை. தனி அறை இல்லாததால் ஒரு கம்பிக்கூட்டை இரவல் வாங்கிக் குசினி மூலையில் வைத்து, பழைய சாரத்தால் மூடிவிட்டுக் கதவைச் சாத்தினோம். குட்டிக்குத் தனிக் கோப்பை, மலசலம் கழிக்கத் தனி மண்தட்டு, தொட்டால் சோப் போட்டுக் கை கழுவல். படர்தாமரை இருந்ததால், மணம் பழக்கத் துணி மாற்றிப் போடும் வேலையை மட்டும் அது ஆறும்வரை தள்ளிப்போட்டோம். நோயில்லாத குட்டியென்றால் ஒன்று படுத்த துணியை மற்றதன் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் போட்டு மணத்தைப் பழக்கலாம். பிறகு மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு, பிறகு கொஞ்சமாகத் திறந்து பார்வை. சீறினால் பரவாயில்லை. மூலைக்குள் மடக்கித் துரத்தினால் ஒரு படி பின்னுக்குப் போக வேண்டும். மண்தட்டு இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு. எங்களிடம் மூன்றாவதற்கு இடமில்லை, இரண்டையும் வேறு வேறு மூலையில் வைத்தோம். மணியனுக்கு அலுமாரி மேல்தட்டைக் காலி பண்ணிக் கொடுத்தோம், குட்டி ஏறமுடியாத உயரம் அது. இப்போது ஒரே அறையில் இரண்டும் சாப்பிடுகின்றன, தள்ளித் தள்ளி.

அதே படத்தோடு விளம்பரம் திரும்பவும் ஓடுகிறது: மஞ்சள் துவாய், நீலப் பிளாஸ்டிக் கதிரை. தாயைக் காட்டமாட்டேன், ரோட்டில் வைத்துத் தருகிறேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை யார் தந்தாலும் வாங்க வேண்டாம். அட்டையில் உள்ள வைத்தியருக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். இவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் வட்ஸ்அப் உரையாடலையும் காசு போட்ட சிட்டையையும் அழிக்காமல் எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். வைத்தியரின் கடிதத்தோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர்களின் தொலைபேசி 1977. தனியாக ஓர் ஆள் கொடுப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் நல்லது.