தேக்கு, வேங்கையில் சி.என்.சி ரூட்டர்: ஃபீடைக் குறைக்காதீங்க

காட்பாடி பக்கம் எங்கள் பட்டறையில் நாலுக்கு எட்டு அடி சி.என்.சி ரூட்டர் ஒன்று, அதாவது கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் மரத்தை வெட்டிச் செதுக்குகிற மெஷின், சில வருஷமாக ஓடுகிறது. 3 கிலோவாட் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றுகிற மோட்டார்), தண்ணீரில் குளிர்கிற வகை. வேலை பெரும்பாலும் தலைவாசல் கதவு, பூஜை அறைக் கதவு. கஜலட்சுமி, கொடி, யானை என்று செதுக்கல்தான் அதிகம். தேக்கும் வேங்கையும் வரும், அப்புறம் குடியாத்தம், ஆரணி பக்கம் சொந்தக் கொல்லையில் நின்ற வேம்பையோ பூவரசையோ அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டிப் பழகியவர்கள் கெட்டி மரத்துக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம் ஃபீடை, அதாவது பிட் மரத்தில் நகர்கிற வேகத்தை, குறைப்பது. மரம் கருகுவது பெரும்பாலும் அதனால்தான். 6 மி.மீ. கார்பைடு பிட் (சுழன்று வெட்டுகிற கத்தி), இரண்டு வெட்டுவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நிமிடத்துக்கு 3,600 மி.மீ. ஓட்டினால் ஒவ்வொரு வாயும் ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. கடிக்கிறது. சுற்றை அப்படியே விட்டு ஃபீடை மட்டும் 1,200-க்கு இறக்கினால் கடி 0.03 சொச்சம்தான், அதாவது வாய் வெட்டாமல் தேய்க்கிறது, சூடு சீவலோடு வெளியே போகாமல் பிட்டிலேயே தங்கி மரத்தைக் கருக்கிவிட்டு பிட்டையும் மொக்கையாக்குகிறது. பெட்டில் (மரம் வைக்கிற மேசையில்) விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீவலாக இருந்தால் சரி, மாவாக இருந்தால் தேய்க்கிறது.

மெஷின் அதிர்கிறதா? இரண்டையும் சேர்த்து இறக்குங்கள். 12,000 சுற்று, 2,400 ஃபீட், கடி அதே 0.1. ஆனால் 24,000 சுற்று ஸ்பிண்டிலை 12,000-ல் ஓட்டினால் அதன் பவரும் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும், அதனால் ஆழத்தைக் குறைக்க வேண்டும். நான் தேக்கில் ஒரு பாஸுக்கு (ஒரு தடவை ஓட்டத்துக்கு) 3 மி.மீ. ஆழம் போவேன், வேங்கையில் 2. வேங்கையின் ரேகை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், ஒரே கோட்டில் பாதி தூரம் வழவழப்பாக வந்து மீதியில் சிராய் கிளம்பும். தேக்கு வெட்ட சுலபம், ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் பிட்டின் முனையைத் தின்றுவிடும். பர்மா தேக்கோ நாட்டுத் தேக்கோ, இதில் தப்பிக்க வழியில்லை. எண்ணெய்ப் பிசின் வேறு வாயில் ஒட்டும், கழட்டித் துடைக்காமல் அடுத்த ஜாப் போடாதீர்கள். கொலெட்டுக்குள் (பிட்டைப் பிடிக்கிற கவ்விக்குள்) போன தூளையும் ஊதிவிடுங்கள்.

வெட்டும் திசைக்கு வருவோம். வெளி விளிம்பில் பிட் மரத்தைக் கடிகார திசையில் சுற்றி வந்தால் கிளைம்ப் கட். விளிம்பு சுத்தமாக வரும், ஆனால் பிட் தானே முன்னால் இழுத்துக்கொண்டு போகும், லேசான மெஷினில் அளவு மாறிவிடும். அதனால் முதலில் எதிர்த் திசையில் அரை மி.மீ. மிச்சம் வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கிளைம்ப் பாஸ். நேரம் கொஞ்சம் கூடும், உப்புத்தாள் போடுகிற பையன் வாழ்த்துவான். பிட்டை செங்குத்தாக இறக்காமல் சாய்வாக இறக்குங்கள், பல பிட்டுகளில் நடு முனை சரியாக வெட்டாது, எரிக்கத்தான் செய்யும்.

செதுக்கலுக்கு ரஃபிங் (முதல் தோராய வெட்டு) 6 மி.மீ. பிட்டில், ஃபினிஷிங் (கடைசி வெட்டு) கூம்பு பால் நோஸில், அதாவது முனை உருண்டையான கூம்பு பிட்டில். முனை விட்டம் 2 மி.மீ. என்றால் கோட்டுக்குக் கோடு 0.2 நகர்த்தினால் போதும். அதற்கும் கீழே போனால் மணிக்கணக்கில் ஓடுமே தவிர, பாலிஷ் அடித்த பிறகு வித்தியாசம் எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. ஓட்டத்தை ரேகையின் நீளவாக்கில் வையுங்கள், குறுக்கே ஓடிய கோடு பாலிஷில் எழுந்து நிற்கும்.

கொல்லை வேம்பு ஈரமாக வந்தால் எந்த செட்டிங்கும் உதவாது, பஞ்சு பஞ்சாக எழும்பும். வெட்டினாலும் காய்ந்த பிறகு கதவு முறுக்கிக்கொள்ளும். "அறுத்து ரொம்ப நாளாச்சுண்ணே" என்பார்கள், நம்பாமல் ஈரமானி வைத்துப் பாருங்கள். 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இன்னொன்று, கத்திரி வெயிலில் ஸ்பிண்டில் தண்ணீர் வாளி மதியத்துக்குள் சுடுதண்ணீர் ஆகிவிடும். பெரிய டிரம்முக்கு மாற்றி நிழலில் வைத்த பிறகுதான் மே மாதத்திலும் முழுக் கதவை நிறுத்தாமல் ஓட்ட முடிகிறது.