மீட்டரில் எல்லாம் சரி, காட்டில் பேச்சு இல்லை: வண்டியில் ரேடியோ பொருத்தப் போகிறவர்கள் கவனிக்க

மலைப் பாதை, காட்டுப் பாதை, மணல்வெளி என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டியில் ரேடியோவும் ஆன்டெனாவும் பொருத்தித் தருகிறேன் என்று ஒரு கடை எனக்குச் செய்துகொடுத்த வேலையைப் பற்றியது இது. கடையின் பெயரை எழுதவில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு, வேறு கடையில் இதே வேலைக்கு நீங்கள் பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஐந்தாறு வண்டிகள் வரிசையாகப் போகும்போது, போன் சிக்னல் இல்லாத இடத்தில் முதல் வண்டியும் கடைசி வண்டியும் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டும். கடைக்காரர் 50 வாட் யுஎச்எஃப் (400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யும்) செட் ஒன்றை எடுத்து வைத்தார். "முப்பது கிலோமீட்டர் தாராளமா பேசலாம் சார், நடுவுல மலையே இருந்தாலும் தூக்கிடும்" என்றார். ஆன்டெனா பெட்டியின் மேல் ஆதாயம் (ஆன்டெனா சிக்னலை ஒரு பக்கமாகக் குவிக்கும் அளவு) 9 டெசிபல் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. எல்லாம் பொருத்தி முடித்ததும் ஆன்டெனா சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரை மாட்டி முள்ளைக் காட்டினார்: 1.2. எண் 1-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பார்கள். டெஸ்ட் செய்து பார்த்துப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு பயணத்தில் நடந்தது இது. செங்குத்தான இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. கடைசி வண்டியில் பிரேக் சூடேறி பிடிக்காமல் போக, அவர்கள் மலைப்பக்கம் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்திவிட்டு ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். என் வண்டியில் இரைச்சல் மட்டும்தான். எனக்கு முன்னால் போன வண்டியில் இருந்தவர் கையில் 5 வாட் வாக்கி டாக்கி. அதில் அவர்கள் பேசுவது கேட்டது. அவர்தான் வண்டியை நிறுத்தி ஓடி வந்து என்னிடம் சொன்னார். கடைசி வண்டிக்கு எல்லோரையும்விட நான்தான் பக்கத்தில் இருந்தேன். என்னிடம் இருந்தது 50 வாட் செட். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பிரேக் இல்லாத வண்டியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் நின்றதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

திரும்பி வந்ததும் கடைக்குப் போனேன். அவர் மறுபடியும் அதே மீட்டரை மாட்டினார். "பாருங்க சார், 1.2. இதுக்கு மேல யாராலயும் கொண்டு வர முடியாது. மலைல அப்படித்தான் இருக்கும். வேணும்னா ஒரு பூஸ்டர் போட்டுக்கலாம்" என்றார். மலையே இருந்தாலும் தூக்கிடும் என்று விற்றவர்தான் இதைச் சொன்னார்.

எங்கள் குழுவில் பல வருடங்களாக ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அவர் முதலில் ரேடியோவையே தொடவில்லை. ஆன்டெனாவைக் கேபிளின் முனையிலிருந்து கழற்றிவிட்டு, ரேடியோ பக்க முனையில் ஒரு அனலைசரை (எஸ்.டபிள்யூ.ஆர் அளக்கும் சோதனைக் கருவி) மாட்டினார். "தம்பி, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. அனுப்புறது மொத்தமும் திரும்பி வரணும். ரீடிங் எங்கயோ மேல போய் நிக்கணும்" என்றார். ரீடிங் 1.7-ஐத் தாண்டவில்லை. ஆன்டெனாவே இல்லாமல் 1.7!

இந்த இடம் புரிந்துவிட்டால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் செல்லாது. எஸ்.டபிள்யூ.ஆர் என்பது அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண். 1.5 என்றால் சுமார் 4 சதவீதம் திரும்புகிறது, 2 என்றால் 11, 3 என்றால் 25. அதனால் எண் குறைவாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கேபிள் மட்டமாக இருந்தாலும் அந்த எண் குறையும். போகும்போதே பெரும் பகுதி கேபிளில் சூடாகி வீணாகிறது, மிச்சம் திரும்பும்போது அதிலும் பெரும் பகுதி வீணாகிறது. மீட்டருக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். கரையெல்லாம் ஓட்டையான வாய்க்காலில் விட்ட தண்ணீர் திரும்பி வராது. அதற்காக வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கியபோது காரணம் சுருளாகக் கிடந்தது. ஆர்ஜி-174 என்ற மெல்லிய கேபிள், கிட்டத்தட்ட 10 மீட்டர். தேவையானது நாலு மீட்டர்தான். வெட்டி கனெக்டர் போடும் வேலையை மிச்சம் பிடிக்க, மீதியைச் சுருட்டிக் கட்டி உள்ளே தள்ளியிருந்தார்கள். 450 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இந்தக் கேபிள் மீட்டருக்குச் சுமார் 0.6 டெசிபல் தின்கிறது. பத்து மீட்டருக்கு 6 டெசிபல், அதாவது போய்ச் சேர்வது நாலில் ஒரு பங்கு. 50 வாட் செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போனது பன்னிரண்டு வாட் சொச்சம். கேட்பதிலும் அதே இழப்பு என்பதை மறக்க வேண்டாம். அனுப்பும் சக்தியைப் பூஸ்டர் ஏற்றிவிடும், கடைசி வண்டியின் மெல்லிய சிக்னலை அது உங்கள் காதுக்குக் கொண்டுவராது.

அவர் காட்டிய மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பின்புறத் தகட்டில் 30 மெகாஹெர்ட்ஸ் வரை என்று எழுதியிருந்ததை இரண்டாவது முறை போனபோது கவனித்தேன். 27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்கள் பேசும் சிபி ரேடியோவுக்கான மீட்டர் அது. 400-களில் வேலை செய்யும் செட்டுக்கு அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது ஆன்டெனா. பின்கதவு ஏணியில் ஒரு கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தார்கள். ஏணி முழுக்கப் பவுடர் கோட்டிங். கிளாம்ப்புக்கும் வண்டியின் உலோகத்துக்கும் தொடர்பே இல்லை. கால் அலைநீளக் கம்பிக்கும் (அலையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு நீளமுள்ள ஆன்டெனா), வண்டிகளுக்கென்று விற்கும் இன்னும் பல ஆன்டெனாக்களுக்கும் அடியில் ஒரு உலோகப் பரப்பு வேண்டும். அதைத்தான் கிரவுண்ட் பிளேன் என்கிறார்கள். கூரையின் நடுப்பகுதி அதற்கு மிகச் சிறந்த இடம். பின்பக்க ஏணியில் வைத்தால் ஒரு பக்கம் வண்டியே மறைக்கும், உலோகப் பரப்பும் கிடைக்காது. கூரை ஃபைபரோ கேன்வாஸோ என்றால், கிரவுண்ட் பிளேன் தேவையில்லாத வகை ஆன்டெனா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியக் கூரையில் காந்த அடி ஒட்டவே ஒட்டாது. இரும்புக் கூரையிலும் தாழ்ந்த மரக்கிளை ஒன்று தட்டினால் காந்தம் வழுக்கிப் பெயிண்டைக் கீறிக்கொண்டு விழும்.

அந்த 9 டெசிபல் கதைக்கு வருகிறேன். கம்பியின் நீளம் ஒரு முழம்கூட இல்லை. யுஎச்எஃப்-இல் அந்த நீளத்துக்கு 9 டெசிபல் வரவே வராது. இன்னொன்று, ஆதாயம் என்பது புதிதாக உண்டாகும் சக்தி இல்லை. மேலும் கீழும் போவதைக் குறைத்துக் கிடைமட்டமாகத் தட்டையாக அனுப்புவதுதான் ஆதாயம். சமவெளியில் அது நல்லது. ஒரு வண்டி மேலேயும் இன்னொன்று பள்ளத்திலும் நிற்கிற மலைப் பாதையில் ஆதாயம் குறைந்த, சுமார் 16 சென்டிமீட்டர் கால் அலைக் கம்பியே பல நேரம் நன்றாகப் பேசும். நான் போகப் போவது மலைக்கு என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். விற்பவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முப்பது கிலோமீட்டர் கணக்கையும் பார்த்துவிடலாம். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்பார்வையில்தான் போகும். இரண்டு ஆன்டெனாக்களும் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், தடையே இல்லாத சமதரையில்கூட பூமியின் வளைவு சுமார் 11, 12 கிலோமீட்டரில் குறுக்கே வந்துவிடும். மரமும் மேடும் இருந்தால் அதிலும் பெரும் பகுதி போய்விடும். மலை உச்சிக்கு உச்சி பேசினால் முப்பதும் கிடைக்கும், அதற்கு மேலும் கிடைக்கும். பள்ளத்தாக்குக்குள் அதை யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பேச்சு கேட்காத பிரச்சினை. இனிச் சொல்வது உயிர்ப் பிரச்சினை.

கேபிளை முன்பக்கக் கண்ணாடித் தூணின் உறைக்குள் இழுத்து, உள்ளேயிருந்த கர்ட்டன் ஏர்பேக்குக்கு (பக்கக் கண்ணாடியை ஒட்டித் திரைபோல் விரிவது) முன்னால் விட்டு, ஏர்பேக் உறையோடு சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள். அண்ணன் அந்த உறையைக் கழற்றிக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. விபத்து நேரத்தில் ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிய வேண்டும். அதைக் கட்டிப் போட்டால் விரிய வேண்டிய பக்கம் விரியாது, இல்லையென்றால் அந்தக் கேபிளையும் கனெக்டரையும் தலைப் பக்கம் வீசி அடிக்கும். செட்டை மாட்டிய இடமும் அப்படித்தான். டிரைவரின் முழங்கால் ஏர்பேக் விரியும் இடத்துக்கு நேராக இருந்தது.

மின்சார வயரை பேட்டரியிலிருந்து எடுத்திருந்தார்கள், அது சரி. ஆனால் ஃப்யூஸ் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது, பேட்டரிப் பக்கம் ஒன்றுமே இல்லை. எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுத்திருந்தார்கள். குலுங்கிக் குலுங்கிப் போகும் வண்டி. தகட்டின் விளிம்பு வயரின் தோலை ஏற்கெனவே பாதி அறுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் அறுந்து உலோகத்தைத் தொட்டிருந்தால் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த வயரில் பாய்ந்து தீப்பிடித்திருக்கும், ரேடியோ பக்கத்து ஃப்யூஸ் அதைத் தடுத்திருக்காது. ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வயரும் போலி. இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பட்டனை அழுத்தியதும் ரேடியோ முனையில் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கீழே போனது. நாலு மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு வயர் போட்டிருக்க வேண்டும். புதிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் இருந்தால், ரேடியோவின் நெகட்டிவை அந்த முனையில் நேராக மாட்டாமல் வண்டிக் கம்பெனி காட்டும் பாடி எர்த்தில் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். "டெஸ்ட் பண்ணிக் குடுத்தோம், கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்ற ஒரே பதில்தான். பில்லில் "ரேடியோ செட் பொருத்தியது" என்று ஒற்றை வரி. எந்தக் கேபிள், எத்தனை மீட்டர், எந்த ஆன்டெனா என்று ஒன்றும் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

பெருமையாக இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "எல்லா சேனலும் தொறந்து குடுத்திருக்கேன் சார், எங்க வேணாலும் பேசலாம்." இதற்கு மயங்காதீர்கள். அவசர சேவைகளின் அலைவரிசையில் தெரியாமல் பட்டனை அழுத்தினாலும் பிடிபடுவது நீங்கள்தான், கடைக்காரர் இல்லை. நாட்டுக்கு நாடு விதி வேறு. ஆஸ்திரேலியாவில் 477 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 5 வாட் வரை 80 சேனல்கள், அதில் 5-உம் 35-உம் அவசரத்துக்கு மட்டும். ஐரோப்பாவின் 446 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் அரை வாட்தான், ஆன்டெனாவைக் கழற்றவே கூடாது. அமெரிக்காவில் ஜிஎம்ஆர்எஸ் என்ற பொதுமக்கள் ரேடியோ சேவைக்கு உரிமம் வேண்டும், தேர்வு கிடையாது. ஹாம் அலைவரிசைக்குத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் ஊர் விதி எதை அனுமதிக்கிறது, உங்கள் குழு எதில் பேசுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் செட்டை முடிவு செய்யுங்கள்.

அண்ணனும் நானும் சேர்ந்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி போட்டோம். கூரை நடுவில் துளையிட்டுக் கால் அலைக் கம்பி, அளவாக வெட்டிய நல்ல ஆர்ஜி-58 கேபிள், பேட்டரி ஓரத்தில் ஃப்யூஸ். துளையிட மனமில்லாதவர்கள் பானட் ஓரத்து பிராக்கெட் போடலாம், ஆனால் திருகு பெயிண்டைத் தாண்டி வெறும் உலோகத்தைக் கடிக்க வேண்டும். எல்இடி லைட் பாரைப் போட்டால் வந்த இரைச்சல், அதன் வயரில் ஃபெரைட் வளையம் (இரைச்சலை உறிஞ்சும் காந்தப் பொருள் வளையம்) மாட்டியதும் பெரிதும் அடங்கியது. செட் அதே பழைய செட்தான். இப்போது 10 வாட்டில் வைத்தே கடைசி வண்டியோடு பேசுகிறேன்.

வேலைக்கு விடும் முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: முடிந்ததும் கேபிளின் ஆன்டெனா முனையில் அந்த அலைவரிசைக்கு ஏற்ற வாட் மீட்டரையும் டம்மி லோடையும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் சோதனைச் சுமை) மாட்டி, எத்தனை வாட் வந்து சேர்கிறது என்று என் கண் முன்னால் காட்ட வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றி அனலைசரிலும் பார்க்க வேண்டும் (எண் மேலே போய் நிற்க வேண்டும்), ரேடியோவை வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, செட் கெட்டுப்போகும். கேபிள் வகையும் நீளமும் பில்லில் எழுத வேண்டும். இதற்குச் சம்மதிக்காத இடத்தில் வண்டியை விடாதீர்கள். ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள் ரேடியோவை விடுங்கள், முதலில் கண்ணாடித் தூணுக்குள் கேபிள் எப்படிப் போகிறது என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஏர்பேக் இருக்கும் இடம், நீங்களே இழுத்துப் பார்க்க வேண்டாம்.