பட்ஜெட் கேமிங் மானிட்டரா, அல்ட்ராவைடா? ரெண்டையும் வச்சிருக்கேன், சொல்றேன்

ரெண்டு வருஷமா 24 இன்ச் பட்ஜெட் மானிட்டர்லதான் ஓடுச்சு. 1080பி (1920க்கு 1080 பிக்சல்), 165 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 165 தடவை திரை புதுப்பிக்கும்), ஐபிஎஸ் பேனல் (ஒரு எல்சிடி வகை), ஸ்டாண்டை முன்ன பின்ன சாய்க்கலாம் அவ்ளோதான், உயரம் பத்தலன்னு அடியில புத்தகம் அடுக்கி வச்சிருந்தேன். இப்ப ஆறு மாசமா 34 இன்ச் அல்ட்ராவைடு, அதாவது வழக்கத்தைவிட அகலமான திரை, 3440க்கு 1440 பிக்சல், கியூடி ஓலெட் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் பேனல்), 175 ஹெர்ட்ஸ். பழசை விக்கல, அதே டேபிள்ல பக்கத்துல இருக்கு. எதை வாங்கட்டும்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: உங்க கிராஃபிக்ஸ் கார்டு என்ன?

1080பில மொத்தமே 20.7 லட்சம் பிக்சல். இந்த அல்ட்ராவைடுல 49.5 லட்சம், கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு அத்தனையும் வரைஞ்சாகணும். பழசுல 120 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 120 ஃப்ரேம்) குடுத்த கேம் புதுசுல மாட்டின அன்னைக்கே 60க்கு வந்துடுச்சு, நிழல், புல்லு, பிரதிபலிப்புன்னு ஒவ்வொண்ணா குறைச்சு டிஎல்எஸ்எஸ்ஸும் (கம்மி பிக்சல்ல வரைஞ்சு ஏஐ வச்சு பெருசாக்குற என்விடியா வசதி) போட்டப்புறம்தான் 90 பக்கம் ஏறுச்சு. கார்டு சுமாரா இருக்கும்போது காசெல்லாம் மானிட்டர்ல கொட்டிட்டு லோ செட்டிங்ஸ்ல விளையாடாதீங்க, மனசு கேக்காது.

ஷூட்டர் கேம்தான் உயிர்னு இருக்கவங்களுக்கு பட்ஜெட்டே போதும்னு நான் தைரியமா சொல்வேன். 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் நிக்கும், 165ல 6.1தான். இந்த வித்தியாசம் மவுஸை அசைச்ச உடனே கையில தெரியும். 165ல இருந்து 175க்குப் போனா 5.7, அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்னு, வேலரண்ட்ங்கிற ஷூட்டர் கேம் அல்ட்ராவைடுல முழுசா விரியாது, ரெண்டு பக்கமும் 440 பிக்சல் கருப்புப் பட்டையா நிக்கும். எல்டன் ரிங் கேமும் அப்படித்தான். காசு குடுத்து வாங்குன இடத்துல கால்வாசி சும்மா கிடக்கும்.

ஆனா பட்ஜெட்ல எதையாவது எடுத்துடக் கூடாது. அட்டைப்பெட்டியில போட்டிருக்க 1 எம்எஸ் பெரும்பாலும் எம்பிஆர்டி கணக்கு (அசையுற படம் கண்ணுக்கு எவ்ளோ மங்கலா தெரியுதுங்கிற அளவு), பேனல் நிறம் மாத்துற வேகம் அது இல்ல. ஃப்ரெண்டு ஒருத்தன் வாங்குன விஏ பேனல்ல (இன்னொரு எல்சிடி வகை) கான்ட்ராஸ்ட் அருமை, ஆனா இருட்டுக் காட்சியில கேமராவைத் திருப்புனா கருப்பு மை இழுவுன மாதிரி பின்னாடியே வருது, அவன் ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துட்டான். 27 இன்ச்ல 1080பியும் வேணாம், இன்ச்சுக்கு 82 பிக்சல்தான், எழுத்தெல்லாம் பல்லுப் பல்லா தெரியும். ஹெச்டிஆர்னு (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் நல்லா பிரிச்சுக் காட்டுற வசதி) ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், லோக்கல் டிம்மிங் (பின்னாடி இருக்க லைட்டைப் பகுதி பகுதியா குறைக்கிறது) இல்லாத எல்சிடி பேனல்ல அதுக்குப் பெருசா அர்த்தமே இல்ல.

சரி, அல்ட்ராவைடு எங்க ஜெயிக்குது? ரேஸிங் கேம் போட்டுப் பாருங்க, பக்கத்துல முந்துற வண்டி கண்ணோரத்துல வந்துடும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு குகைக்குள்ள போற சீன் பாத்தேன், தீப்பந்தம் மட்டும் எரியுது, சுத்தி இருக்க கருப்பு சுத்தமான கருப்பு, மானிட்டர் ஓரம் எதுன்னே தெரியல. பழைய ஐபிஎஸ்ல அதே சீன் சாம்பல் பூசுன மாதிரி இருக்கும், மூலையில வெளிச்சம் கசியும். பகல்ல வீடியோ எடிட் பண்றேன், டைம்லைன் முழு நீளத்துக்கும் விரிஞ்சு கிடக்குறது சுகமோ சுகம்.

குறையும் சொல்லணும். இந்த ஓலெட் பேனல்ல சப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள்ள இருக்க சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்) முக்கோணமா அடுக்கியிருக்கு, அதனால எழுத்தோட ஓரத்துல லேசா பச்சையும் ஊதாவும் தெரியும். கேம்ல கண்ணுக்கே படாது. ஆனா வெள்ளைப் பக்கத்துல தமிழ் டைப் பண்ணும்போது ‘ழ’வோட வளைவுலயும் மெய்யெழுத்துப் புள்ளியிலயும் நல்லாவே தெரியுது, நாள் முழுக்க எழுத்தையே பாக்குறவங்க ஐபிஎஸ் அல்ட்ராவைடே எடுங்க. ஓலெட்னா பர்ன்-இன் (ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா அதோட தடம் திரையில பதிஞ்சுடுறது) வாரன்ட்டியில வருதான்னு கேட்டுட்டுதான் வாங்கணும், டாஸ்க்பாரை நான் மறைச்சேதான் வச்சிருக்கேன். அப்புறம் 34 இன்ச்னதும் ஆளுயரம் இருக்கும்னு நினைக்காதீங்க, உயரம் சாதா 27 இன்ச் அளவுதான், சுமார் 33 சென்டிமீட்டர், அகலம்தான் 80. முதல் வாரம் ஹெச்டிஎம்ஐல மாட்டி வெறும் 100 ஹெர்ட்ஸ்ல ஓட்டிட்டு இருந்தேன், டிஸ்ப்ளே போர்ட் கேபிள் மாத்துனப்புறம்தான் 175 வந்துச்சு. வாங்குனதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாத்துடுங்க.

ரெண்டுக்கும் நடுவுல தவிக்கிறவங்க 27 இன்ச் 1440பி (2560க்கு 1440) ஐபிஎஸ் பாருங்க. 36.9 லட்சம் பிக்சல், சுமாரான கார்டும் தாங்கும், எழுத்தும் பளிச்னு இருக்கும், கிட்டத்தட்ட எல்லா கேமும் முழுத் திரையில ஓடும். இப்ப புதுசா ஒருத்தர் செட்டப் போடுறார்னா இதுல இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன்.

நான் அல்ட்ராவைடைத் திருப்பிக் குடுக்க மாட்டேன், ஆனா ராத்திரி பசங்க வேலரண்டுக்குக் கூப்ட்டா சேரைத் திருப்பி அந்தப் பழைய 24 இன்ச் முன்னாடிதான் உக்காருறேன்.