அலபாமா ரிக்: எந்த மாநிலத்தில் எத்தனை முள்?

2011 அக்டோபரில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கன்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் இலையாஸ் நான்கு நாளில் 102 பவுண்டுக்கு மேல் பேஸ் என்ற நன்னீர் மீன் பிடித்து ஜெயித்தார். அவர் வீசியது ஐந்து கம்பிகள் குடைபோல விரியும் அலபாமா ரிக் என்ற தூண்டில் அமைப்பு. கம்பிக்கு ஒரு ரப்பர் மீன், மீனுக்கு ஒரு தூண்டில் முள். தண்ணீருக்குள் இழுத்தால் சின்ன மீன் கூட்டம் போவது போலவே இருக்கும். இது எல்லா மாநிலத்திலும் செல்லுமா என்றால், செல்லாது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொன்றை எண்ணுகிறது.

கெடுபிடி அதிகம் மினசோட்டாவில். தூண்டிலுக்கு ஒரே ஒரு லூர்தான், அதாவது முள் மாட்டிய ஒரு பொய் இரைதான். ஆகவே ஐந்தில் ஒரு ரப்பர் மீனுக்கு மட்டும் முள், மற்ற நான்கும் வெறும் பொம்மை. நஷ்டம் நினைக்கிற அளவுக்கு இல்லை. நடுக் கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட்டு முள்ளை அதில் மாட்டுவார்கள். கூட்டத்தைவிட்டுப் பின்தங்கும் மீனைத்தான் பேஸ் பெரும்பாலும் கவ்வும்.

விஸ்கான்சின் கணக்கு ஆளுக்கு. எத்தனை தூண்டில் போட்டாலும் மொத்தம் மூன்று முள், இரை அல்லது லூர்தான். மூன்றையும் ரிக்கிலேயே மாட்டிவிட்டு, படகின் பின்னால் இன்னொரு தூண்டிலையும் மிதக்கவிட்டால் அபராதம்தான். மிச்சிகனிலும் தலைக்கணக்குதான், ஆனால் தாராளம்: மொத்தம் ஆறு முள். ஐந்து கம்பியையும் நிரப்பிய பிறகும் ஒன்று பாக்கி இருக்கும்.

கலிஃபோர்னியாவின் உள்நாட்டு நீர்நிலைகளில் ஒரு தூண்டிலுக்கு மூன்று லூர் வரை, லூருக்கு மூன்று முள் வரை போகலாம். அலபாமா ரிக்கில் இரண்டு பொம்மை வைத்தால் போதும். ஆனால் லூர் இல்லாத வெறும் முள் என்றால் மூன்றோடு சரி. இரைமீன் பிடிக்க ஆறு குட்டி முள் கோத்து விற்கும் சபிகியை அங்கே பாதியாக வெட்டித்தான் போட வேண்டும்.

டென்னசியும் மூன்று முள் என்றுதான் சொல்கிறது, ஆனால் 6-ஆம் எண்ணும் அதைவிடப் பெரிய முள்ளும்தான் கணக்கில் வரும். 8-ஆம் எண்ணும் அதற்குச் சிறியதும் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் (முள்ளில் எண் ஏற ஏற அளவு குறையும்). சபிகியும் தப்பிக்கிறது, பெரிய மீனை அள்ளுவதற்கும் கடிவாளம் இருக்கிறது. எனக்குப் பிடித்த விதி இதுதான்.

நியூயார்க் எண்ணுவது முள்ளின் முனையை. ஒரு தூண்டிலுக்கு ஐந்து லூர், மொத்தம் 15 முனை. மூன்று முனை முள்ளை ஐந்து கம்பியிலும் மாட்டினால் சரியாக 15! ரிக்கைக் கடையில் வாங்கியபடியே வீசலாம்.

போட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் போதாது. மாநிலம் அனுமதித்தாலும் பேஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்தும் பி.ஏ.எஸ்.எஸ். அமைப்பு 2012-லேயே தன் பெரிய போட்டிகளான எலைட் தொடரிலும் கிளாசிக்கிலும் இந்த ரிக்குக்குத் தடை போட்டது. சும்மா மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு மாநில விதி போதும். அது மாறக்கூடியது என்பதால் லைசென்ஸ் எடுக்கும்போதே அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தையும் பார்த்துவிடுங்கள்.