கொசுவத்தியா, களிம்பா, வலையா: தோட்டப்புற ஊருக்கு விருந்தாளியாக வருவோருக்கு எது காவல்?

கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் என்று தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வந்து சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் தங்குபவர்கள் பாம்புக்குப் பயப்படுவார்கள், குடிதண்ணீருக்குப் பயப்படுவார்கள். ஆளைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் கொசுதான். பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் சூழ்ந்த ஊர்களில் இரண்டு வகை ஏடிஸ் கொசு உண்டு. ஏடிஸ் எஜிப்டை வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். ஏடிஸ் ஆல்போபிக்டஸ் வீட்டுக்கு வெளியே, செடி நிழலிலும் தோட்டத்து ஓரத்திலும் இருக்கும். இரண்டுமே டிங்கியை (டெங்கு காய்ச்சலை) பரப்பும், இரண்டுமே முக்கியமாகப் பகலில் கடிக்கும்.

கடிக்கும் நேரத்தை வைத்துத்தான் எது நல்லது என்று முடிவு செய்ய வேண்டும். விடிந்த பிறகு முதல் இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும்தான் உச்சம். இங்கே காலை 7 மணிக்குத்தான் விடியும், மாலை 7 மணிக்கு மேல்தான் இருட்டும். ஆக, காலை 7 முதல் 9, மாலை 5 முதல் 7.30. திண்ணையில் காப்பி குடிப்பதும், குழந்தைகள் வாசலில் ஓடுவதும், சாயங்காலம் பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். இரவு பத்து மணிக்கு அறைக்கதவைச் சாத்திக் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தும்போது ஏடிஸ் தன் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கும்.

தோலில் பூசுபவை

போட்டி டீட் (DEET), இக்காரிடின் என்ற இரண்டு கொசுவிரட்டி மருந்துகளுக்குள்தான். சில டப்பாக்களில் இக்காரிடின் 'பிகாரிடின்' என்ற பெயரில் இருக்கும், இரண்டும் ஒன்றே.

டீட் 1944ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது, 1957 முதல் பொதுமக்கள் கைக்கு வந்தது. கொசுவை விரட்டுவதில் அதைக் குறை சொல்ல முடியாது. 10 விழுக்காடு சுமார் 2 மணி நேரம் தாங்கும், 30 விழுக்காடு சுமார் 5 மணி நேரம். 50க்கு மேல் போனால் கூடுதல் பலன் கிடையாது, தோல் எரிச்சல்தான் கூடும். ஆனால் அது பிளாஸ்டிக்கை இளக்கும். கண்ணாடி பிரேம், கடிகாரப் பட்டை, கைப்பேசி உறை, நகப்பூச்சு எல்லாம் பிசுபிசுத்துக் கெடும். ரேயான், ஸ்பான்டெக்ஸ் துணிகளையும் அரிக்கும். செயற்கைப் பட்டுச் சேலைகளில் பல ரேயான்தான். முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது கழுத்திலும் கையிலும் டீட்டைத் தெளித்துக்கொண்டு அந்தச் சேலையைக் கட்டினால் சேலை வீணாகும். பருத்திக்கு ஒன்றும் ஆகாது.

20 விழுக்காடு இக்காரிடின் ஏறத்தாழ 8 மணி நேரம் நிற்கும். பிசுக்கு இல்லை, வாசனை மிகக் குறைவு, பிளாஸ்டிக்கையும் துணியையும் தொடாது. விருந்தாளியாக வருபவருக்கு எங்கள் தேர்வு இதுதான். 10 விழுக்காடு என்று எழுதியிருந்தால் அந்த நேரத்தில் பாதியைக்கூட நம்பாதீர்கள். டப்பாவின் முன்பக்கம் என்ன படம் போட்டிருந்தாலும் திருப்பி விழுக்காட்டைப் பாருங்கள். இந்த மணிக்கணக்கெல்லாம் வேர்க்காத உடம்புக்குத்தான். இங்கத்துப் புழுக்கத்தில் வேர்த்து நனைந்தால், முகம் கை கால் கழுவினால், மறுபடி பூசியே ஆகவேண்டும்.

ஊரிலிருந்து ஓடோமாஸ் கொண்டு வருபவர்கள் அதில் இருப்பது டீட் என்று நினைக்கிறார்கள். அதில் உள்ளது 12 விழுக்காடு டைஎத்தில் பென்சமைடு, டீட்டுக்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு பொருள். கையில் இருந்தால் பூசலாம், டீட்டின் மணிக்கணக்கை அதற்குப் போடக் கூடாது.

'செராய் வாங்கி' எனப்படும் சிட்ரோனெல்லா புல் எண்ணெய் இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும், மணமும் இதம். ஒரு மணி நேரத்துக்குள் வீரியம் இறங்கிவிடும். அரை மணிக்கொரு தரம் பூசிக்கொண்டிருக்க ஆள் இருந்தால் சரி. அதை மட்டும் நம்பிக் குழந்தையை வெளியே விடாதீர்கள்.

பூசும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கையில் நாலு சொட்டுத் தேய்த்துக்கொண்டால் போதாது. பூசாமல் விட்ட விரலகல இடத்தில் கொசு உட்காரும். கணுக்கால், பாதத்தின் மேல்புறம், முழங்காலின் பின்மடிப்பு, முழங்கை, கழுத்தின் பின்பக்கம் ஆகிய இடங்கள்தான் விட்டுப்போகும். எஜிப்டைக்குக் காலும் கணுக்காலும் பிடித்தமான இடம். முகத்தில் நேரே தெளிக்காமல் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். வெயில் களிம்பு போடுவதானால் அதை முதலில் பூசி, கால் மணி நேரம் விட்டு இதைப் பூசுங்கள். இரண்டும் கலந்த ஒரே டப்பா வேண்டாம்: வெயில் களிம்பை இரண்டு மணிக்கொரு தரம் பூச வேண்டும், கொசு மருந்தை அப்படிப் பூசினால் அளவு மீறிவிடும். குழந்தைகளின் உள்ளங்கையில் தடவாதீர்கள், வாய்க்குப் போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு எதுவுமே பூசக் கூடாது, வலைதான்.

அறைக்குள் வைப்பவை

"சுருள் கொளுத்தி வெச்சிட்டேன்யா, கொசு வராது, நிம்மதியா படு" என்று சின்னம்மா பாசத்தோடு சொல்வார். சுருளில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து, ஏழெட்டு மணி நேரம் எரியும். மலேசியாவில் ஏடிஸ் கொசுக்கள் இந்த வகை மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவருவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. புகையோ கெடுதல். சீன, மலேசியச் சுருள்களை வைத்து 2003ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டது. சாத்திய அறையில், ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில், சுருள் வேண்டவே வேண்டாம். திறந்த திண்ணையில், காற்று வரும் பக்கமாக வைத்தால் ஓரளவு உதவும்.

மின்சாரத்தில் சூடாகும் திரவ மருந்தில் புகை இல்லை, அதுதான் லாபம். மருந்து அதே குடும்பம், ஆகவே எதிர்ப்புச் சக்திப் பிரச்சினை இதற்கும் உண்டு. ஊரிலிருந்து மிஷினைத் தூக்கி வருவதில் பயனில்லை: இங்கே தட்டையான மூன்று முள் பிளக். இங்கேயே வாங்குங்கள். இரவில் மட்டும் போடாமல் மாலை 4.30க்கே போட்டு வையுங்கள்.

வலை பகல் கொசுவுக்கு உதவாது என்று ஒதுக்குகிறார்கள். மத்தியானம் தூங்கும் குழந்தைக்கும், காய்ச்சலில் கிடப்பவருக்கும் வலைக்கு ஈடில்லை. காய்ச்சல்காரரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டு போகும். பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே திறப்பு இருக்கும். அங்கே எந்த மருந்துப் புகையும் நிற்காது, வலை நிற்கும். விளிம்பை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், கையும் காலும் வலையை ஒட்டாமல் படுக்க வேண்டும். ஒட்டினால் கண்ணி வழியாகவே கடிக்கும்.

மேசைக்குக் கீழே வீசும்படி வைத்த ஒரு காற்றாடியையும் சேர்த்துக்கொள்ளலாம். கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்க வலுவில்லை.

தண்ணீர்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட, தேங்கிய தண்ணீரைத் தேடி வீட்டைச் சுற்றி ஒரு நடை போவது பெரிது. முட்டை கொசுவாக ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் சங்கிலி அறும். பூச்சாடித் தட்டு, குளிர்பெட்டியின் பின்தட்டு, சாமி மேடையில் பூ போட்ட சொம்பு, அடைத்துப்போன கூரை வடிகால் தகரம், பால் வெட்டாமல் விட்ட மரத்தில் நிமிர்ந்து கிடக்கும் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) எல்லாவற்றையும் பாருங்கள். முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே கொட்டினால் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். கொட்ட முடியாத தொட்டிக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல் மருந்து, 10 லிட்டருக்கு 1 கிராம்.

காய்ச்சல் வந்துவிட்டால்

பாரசிட்டமால் மட்டும். இபுபுரோஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் இரத்தக்கசிவைக் கூட்டும். ஊரிலிருந்து கொண்டு வந்த உடம்புவலி மாத்திரையில் இவை இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். முதல் சில நாட்களில் டிங்கியைக் கண்டறியும் என்எஸ்1 இரத்தப் பரிசோதனை, பிறகு தினமும் இரத்த அணு எண்ணிக்கை. காய்ச்சல் விட்டதும் தேறிவிட்டது என்று நினைக்கக் கூடாது: ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் கிளினிக்கில் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு; பயணக் காப்புறுதி எடுத்துவிட்டு வாருங்கள்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் மலேசியா போய் வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காட்டோரமாக, குரங்கு நடமாடும் இடத்தில் தங்கியிருந்தால் அதையும் சொல்லி மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குரங்கிலிருந்து வரும் நோலசி மலேரியா 24 மணிக்கொரு தரம் பெருகும், நுண்ணோக்கியில் சாதுவான வேறொரு மலேரியா போலத் தெரியும்.