போட்டி போட்ட இருவருக்கும் ஒரே உரிமையாளர்: பிரிட்டனின் கம்பெனிப் பதிவேடு குறித்து ஒரு மதிப்புரை

கடலூரில் இருந்தபடி பண்ருட்டி முந்திரிப் பருப்பை ஏற்றுமதி செய்யும் சிறு வணிகன் நான். சென்ற ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் ஒரே வாரத்தில் விலை கேட்டன. முதல் நிறுவனம் அடிமாட்டு விலைக்குக் கேட்க, இரண்டாவது அதற்கும் கீழே இறங்கியதால், சந்தை நிலவரமே இவ்வளவுதான் போலும் என்று எண்ணி முதல் நிறுவனத்துக்குச் சம்மதம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். கையெழுத்திடும் முன் 'கம்பெனீஸ் ஹவுஸ்' தளத்தைப் பார்த்துவிடுங்கள் என்று என் ஆடிட்டர் தடுத்தார்.

கார்டிஃபைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தப் பதிவாளர் அலுவலகம், 2015 ஜூன் முதல் தன் மின்னணுப் பதிவேட்டை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. நம் நாட்டு நிறுவனங்களின் ஆவணங்களைப் பார்க்க உள்நுழைந்து கட்டணம் செலுத்திப் பழகிய எனக்கு, பெயரைத் தட்டியதும் இயக்குநர்கள், ஆண்டுக் கணக்கு, சொத்தின் மீதான அடமானம் வரை கண்முன் விரிந்தது வியப்பாகவே இருந்தது.

எனக்குப் பெரிதும் உதவியது, 2016-இல் நடைமுறைக்கு வந்த 'குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உடையவர்' என்ற பகுதி. பங்குகளிலோ வாக்குரிமையிலோ 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவரை நிறுவனம் அங்கே அறிவித்தாக வேண்டும். சரியான விழுக்காடு அதில் இராது. 25-க்கு மேல் 50 வரை, 50-க்கு மேல் 75-க்குள், 75 அல்லது அதற்கு மேல் என்ற அளவில்தான் இருக்கும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ஏனெனில் இரண்டு நிறுவனங்களிலும் 75 அல்லது அதற்கு மேல் வைத்திருந்தவர் ஒருவரே. பதிவு முகவரியும் ஒன்றே. ஒருவர் இரண்டு நிறுவனம் வைத்திருப்பது குற்றமன்று. ஆனால் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் எதிரெதிரே நின்று என் விலையைக் குறைத்ததை வேறு எப்படி அறிந்திருப்பேன்?

குறைகளும் உண்டு. கொடுத்த விவரத்தைச் சரிபார்க்காமல் பதிந்துகொள்வதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐயத்துக்குரிய தகவலைக் கேள்வி கேட்கும் அதிகாரம் 2024 மார்ச்சில்தான் பதிவாளருக்குக் கிடைத்தது. இயக்குநர்களின் அடையாளச் சரிபார்ப்பு 2025 நவம்பர் 18 முதல்தான் கட்டாயமாகத் தொடங்கியது. குறு நிறுவனங்கள் லாப நட்டக் கணக்கைத் தாக்கல் செய்யாமலே காலம் தள்ளலாம் என்பதால், பணம் கொடுக்கும் வலு இருக்கிறதா என்பதை இங்கே கண்டுபிடிப்பது கடினம். புதிய தனியார் நிறுவனமானால் முதல் கணக்குக்கே 21 மாத அவகாசம் உண்டு.

இருவருக்கும் ஒரே விலையைச் சொல்லி, வங்கிக் கடனுறுதிக் கடிதம் (பணத்துக்கு வாங்குபவரின் வங்கியே தரும் உறுதி) இல்லாமல் சரக்கு ஏறாது என்று எழுதினேன், பதில் வரவில்லை. ஒரு நிறுவனத்தைப் 'பின்தொடர்ந்தால்' புதிய தாக்கல் நேரும்போதெல்லாம் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் இத்தளத்தில் இலவசம். அப்படிச் சென்ற மாதம் வந்த அறிவிப்பில், இரண்டில் ஒன்று தன்னைப் பதிவேட்டிலிருந்து நீக்குமாறு விண்ணப்பித்திருந்தது.